கிளவுட்: வண்டி வாடகைக்கு, சரக்கு யாருடையது? பெரம்பலூர், அரியலூர் சிறு தொழில்களுக்கு ஒரு விளக்கம்

அரியலூரில் சிமென்ட் லாரி ஓட்டும் டிரான்ஸ்போர்ட், பெரம்பலூரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வாங்கி விற்கும் மண்டி என்று பல சிறு தொழில்களின் மொத்தக் கணக்கும் அலுவலகத்தில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி, எந்த பில்லுக்கு எவ்வளவு ஜிஎஸ்டி, எல்லாமே அதில்தான். அந்த ஹார்ட் டிஸ்க் போனால்?

“எல்லாத்தையும் கிளவுடுல போட்டுடலாமா?” என்று அப்பா போனில் கேட்டால், சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். போடலாம். ஆனால் எதை வாடகைக்கு எடுக்கிறோம், எது நம் பொறுப்பிலேயே இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு போட வேண்டும்.

கிளவுட் என்றால் என்ன?

மேகமும் இல்லை, மாயமும் இல்லை. வேறொருவரின் கம்ப்யூட்டரை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது, அவ்வளவுதான். 2006-ல் அமேசான் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. இன்று அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னை உட்பட சில நகரங்களிலும், ஸோஹோவுக்குச் சென்னை, மும்பையிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன.

லாரித் தொழிலோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். டிரைவரோடு வண்டியை வாடகைக்கு எடுப்பது ஒரு வகை. ஸோஹோ புக்ஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்றவை இப்படித்தான். மென்பொருளையும் பராமரிப்பையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வெறும் வண்டியை எடுத்து நாமே ஓட்டுவது இன்னொரு வகை. இதில் சர்வர் மட்டும் அவர்களுடையது, மற்றதெல்லாம் நம் வேலை. சிறு தொழிலுக்குப் பெரும்பாலும் முதல் வகையே போதும். இரண்டிலும் சரக்கு, அதாவது உங்கள் டேட்டா, உங்களுடையதுதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

யுபிஐ, இ-வே பில் என்று தொழிலில் பாதி ஏற்கெனவே இணையத்துக்குப் போய்விட்டது. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டும் தொழில்கள் மற்ற தொழில்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். சில துறைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பெரிய ஆலைகளும் வருகின்றன. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணி உற்பத்தி தொடங்கிவிட்டது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படிப்பட்ட ஆலைக்கு வேனோ, சாப்பாடோ, அட்டைப்பெட்டியோ சப்ளை செய்ய நினைப்பவரிடம், கேட்ட நேரத்தில் காட்டக்கூடிய கணக்கு இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். பல கம்ப்யூட்டர்கள் அவ்வளவு காலம் தாங்காது. பிரைவேட் லிமிடெட் போன்ற நிறுவனங்களுக்கு இன்னும் கறார்: எலெக்ட்ரானிக் கணக்குகளின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் சேமிக்கப்பட வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது.

வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர் வைத்திருக்கும் எல்லோரையும் தொடுவது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும். டேட்டாவை வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைத்திருந்தாலும், அது கசிந்தால் பதில் சொல்ல வேண்டியது அதைச் சேகரித்தவர்தான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம்.

கிளவுடில் போட்டால் பத்திரமா?

ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரைவிடப் பத்திரம். முழுப் பத்திரம் என்று சொல்ல முடியாது. மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ‘ஜி டிரைவ்’ எரிந்து, 858 டெராபைட் டேட்டா போனது. வேறு இடத்தில் நகல் இல்லை.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கிளவுட் கணக்கு, கூகுள் தரப்பில் நடந்த ஒரு தவறால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பல நாட்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் நகல் இருந்ததால் மீண்டது.

மூன்றாவது நம் நாட்டிலேயே. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளுக்குப் பிறகு, நயாரா எனர்ஜிக்கு அளித்த சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. பில் ஒழுங்காகக் கட்டினாலும் கதவு மூடலாம் என்பதை அது காட்டியது.

அப்போ என்ன செய்யலாம்?

• மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். கிளவுட் ஒரு நகல் என்றால், வாரம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்கிலும் எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

• கிளவுட் கணக்கு முதலாளியின் மெயில், மொபைல் நம்பரில் இருக்கட்டும். கணக்குப்பிள்ளை பெயரிலோ கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் பெயரிலோ வேண்டாம். அவர் வேலையை விட்டால் சாவியும் அவரோடு போய்விடும்.

• ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டைக் கட்டாயம் போடுங்கள்.

• பணம் கட்டும் முன் கேளுங்கள்: டேட்டா இந்தியாவில் இருக்கிறதா? நாளைக்கு வெளியேறினால் மொத்தக் கணக்கையும் எக்செல் ஃபைலாக எடுக்க முடியுமா? இரண்டாம் ஆண்டு வாடகை எவ்வளவு?

• நெட் போனால் பில் போட மாற்று வழி வேண்டும். இன்னொரு நிறுவனத்தின் சிம்மில் மொபைல் ஹாட்ஸ்பாட் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் வேலையாக, ஊருக்குப் போகும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பாருங்கள். இருக்கும் பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, போன மாதக் கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அதை பேக்கப் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.