சாப்ளின் ஏன் பேச மறுத்தார்?

சார்லி சாப்ளின் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார் என்று சொன்னால் என் நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள். வந்தது உண்மை. 1932ல், அண்ணன் சிட்னியுடன் உலகத்தைச் சுற்றியபோது பாலித் தீவுக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார். பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில் சிங்கப்பூர் என்றதும் அவர் நினைவுகூர்வது துறைமுகத்தையோ பெரிய ஹோட்டலையோ அன்று. ஜாலான் புசார் பக்கம் இருந்த ‘நியூ வேர்ல்ட்’ கேளிக்கைப் பூங்காவில் இளையர்கள் நடித்த ஒரு சீன நாடகத்தை! மூன்று இரவு நீண்ட அந்த நாடகத்தில் இளவரசனாக நடித்தவர் 15 வயதுப் பெண். மொழி தெரியாமலேயே பார்த்த சாப்ளின் கடைசிக் காட்சியில் கலங்கிப்போனார். சில நேரம் மொழி புரியாமலிருப்பதே நல்லது என்றும் எழுதிவைத்தார்.

அந்தப் பூங்கா இருந்த இடத்தில்தான் இப்போது சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது. முஸ்தஃபாவுக்குப் போகும் நாம் அதைத் தாண்டித்தான் நடக்கிறோம்.

இதை வெறும் சுற்றுலாச் செய்தியாக நான் பார்க்கவில்லை. அந்த நாள்களில் சாப்ளினின் தொழிலே கேள்விக்குறியாகி இருந்தது. 1914ல் தொளதொள கால்சட்டை, இறுக்கமான கோட்டு, சின்னத் தொப்பி, கைத்தடியுடன் திரைக்கு வந்தவர் அவர். விழுந்தும் உதைபட்டும் ஓடியும் உலகையே சிரிக்க வைத்தவர். 1927ல் ‘த ஜாஸ் சிங்கர்’ வந்தது. படங்கள் பேசத் தொடங்கின. ஓரிரு ஆண்டுகளில் ஹாலிவுட் முழுவதும் ஒலிக்கு மாறியது. சாப்ளின் மட்டும் தம் நாடோடியைப் பேச வைக்க மறுத்தார்.

பிடிவாதம் என்று இதைச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நாடோடி ஆங்கிலம் பேசிய மறுகணமே ஆங்கிலம் தெரியாத கோடிக்கணக்கான ரசிகர்களுக்கு அந்நியனாகிவிடுவான் என்று அவருக்குத் தெரியும். 1919ல் மூன்று பேருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்ததால் அவரைக் கட்டாயப்படுத்தவும் ஆளில்லை. (அவருக்கு இணையான பஸ்டர் கீட்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1928ல் எம்ஜிஎம் நிறுவனத்தில் சேர்ந்து, தம் விருப்பப்படி படமெடுக்கும் உரிமையை இழந்தார்.)

1931 ஜனவரியில் வெளிவந்த ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் இசை உண்டு, வசனம் இல்லை. பூ விற்கும் பார்வையற்ற பெண், ஏழை நாடோடியைப் பணக்காரன் என்று நம்ப வேண்டும். அதை வசனமில்லாமல் எப்படிக் காட்டுவது? அந்த ஒரு காட்சியை 300 தடவைக்குமேல் எடுத்ததாகச் சொல்வார்கள். கடைசியில் கிடைத்த விடை ஒரு கார்க் கதவு. நாடோடி ஒரு காருக்குள் புகுந்து மறுபக்கமாக இறங்குகிறான். கதவு சாத்தப்படும் ஓசையை அந்தப் பெண் கேட்கிறாள். நமக்கு அந்த ஓசை கேட்பதில்லை, ஆனாலும் புரிந்துவிடுகிறது.

அதே 1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வந்தது. நம் தமிழைத் திரையில் கேட்டோம். அது பெரிய மகிழ்ச்சிதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் நம்மோடு உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரிப்பது அன்றிலிருந்து கடினமாயிற்று. நான்கு மொழி ஊரில் வளர்ந்த எனக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரிகிறது.

இப்போது நம் மாணவர் மேடைக்கு வருகிறேன். நான் பார்த்த தமிழ் நகைச்சுவை நாடகங்களில் சிரிப்பெல்லாம் வாயில்தான். சிலேடை, மீம் வசனம், வடிவேலு சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது. வடிவேலுவின் நடையையும் விழியையும் விட்டுவிடுகிறோம்! தமிழ் தடுமாறும் மாணவருக்குக் கிடைப்பது திரை இழுக்கும் வேலை. அடுத்த ஆண்டு அவர் ஒத்திகைக்கே வருவதில்லை.

மேடையில் வசனத்தைக் குறைத்தால் தமிழ் குறையாதா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் தமிழ் பேசக் கிடைக்கும் இடங்கள் ஏற்கெனவே குறைவு. ஆனால் மேடைக்கே வராதவர் எந்தத் தமிழைப் பேசப்போகிறார்? ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியைப் பாருங்கள். பாதிச் சிரிப்பு, வாய் திறக்காமல் நடுங்கும் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. தெம்பனிசில் எங்கள் வீட்டுக்கு வந்த சீன நண்பன் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு நான் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அடுத்த தமிழ்மொழி விழாவுக்கு நாடகம் எழுதும் நண்பர்களே, முதல் ஐந்து நிமிடத்தை வசனமே இல்லாமல் எழுதிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தைத் திரை இழுப்பவரிடம் கொடுங்கள்.