சாத்தானை வித்தவை, போரை ஒளிச்சவை

கறுப்பு ரீசேட்டைக் கண்டதும் 'உது சாத்தான்ர பாட்டு' எண்டு சொல்லுற பெரியாக்களோட எங்களுக்குச் சண்டை இல்லை. அவையள் கேட்காமல் சொல்லுகினம். கேட்டிட்டும் அதையே பெருமையாச் சொல்லுற ரசிகர்களோடதான் எங்கட கோவம். பிளக் சபாத் எண்டால் சிலுவை, மண்டையோடு, வௌவால். அவ்வளவுதானா?

நாலு பேரும் பேர்மிங்காமில் அஸ்டன் பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஓசி ஒஸ்போர்ன் மாடு வெட்டுற இடத்தில் வேலை செய்தவர், களவு வழக்கில் மறியலுக்கும் போனவர். ரொனி அயோமி 17 வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் தன்ர கடைசி நாள் வேலையில், வலக்கையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். இடக்கைக்காரர் என்பதால் கிற்றார் தந்தியை அழுத்துற கை அதுதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு மூடி செய்தார். மெல்லிய தந்தி போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஒஃப் றியாலிற்றி'யில் சுருதியையே கீழே இறக்கினார். இண்டைக்கு மெட்டல் எண்டு நாங்கள் கேட்கிற கனத்த ஒலி அங்கயிருந்து வருது. இதை இப்ப 'தன்னம்பிக்கைக் கதை' ஆக்கிப் பகிருகினம். ஐயா, அது ஒரு வேலைத்தள விபத்து!

சாத்தான் எங்க வந்தது? 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, முதல் அல்பம் வந்தது. உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவையை அச்சிட்டது இசைத்தட்டு நிறுவனம். தங்களிடம் கேட்கவில்லை எண்டுதான் குழு பிறகு சொன்னது. அதே வருசம் இரண்டாவது அல்பத்துக்கு 'வோர் பிக்ஸ்' எண்டு பேர் வைக்க இருந்தவை. வெளிவந்த பேர் 'பரனோயிட்'. அந்தப் பாட்டு நல்லா ஓடினது ஒரு காரணம், வியட்நாம் போர் நேரத்தில் வந்த பயம் இன்னொரு காரணம் என்கிறார்கள். அட்டையில் வாளோட நிற்கிற ஆள் மட்டும் பழைய பேருக்குச் சாட்சியாக மிஞ்சினார்.

போரை நடத்துறவன்தான் உண்மையான சாத்தான் என்பதே அந்தப் பாட்டுக்கு வரி எழுதிய கீசர் பட்லரின் விளக்கம். கத்தோலிக்கராக வளர்ந்த அதே ஆள் 'ஆஃப்டர் ஃபோரெவர்' எண்டு கடவுளுக்காக வாதாடுற பாட்டும் எழுதினவர். அதைப் பற்றி ஒருத்தரும் ரீசேட் அடிக்கேல்லை.

குழுவும் சுத்தம் இல்லை, பாருங்கோ. பேரையே ஒரு திகில் படத்தில் இருந்து எடுத்தவை. பயம் விலை போகுது எண்டு தெரிஞ்சுதான் எடுத்தவை. 2013 அல்பத்தில் மேளக்காரர் பில் வோர்ட் இல்லை, ஒப்பந்தத் தகராறு. தொழிலாளி வர்க்கம் எண்டு நாங்கள் உருகிற குழுவுக்குள்ளயே இப்படி!

2025 யூலை 5, அஸ்டனில் வில்லா பார்க் மைதானம். வோர்ட்டும் சேர்ந்து நாலு பேரும் கடைசியாக மேடை ஏறினார்கள். எழும்ப முடியாத ஓசி கதிரையில் இருந்தே பாடினார். 17 நாளில் செத்துப்போனார். நாங்கள் வாசித்த அஞ்சலிகள் எல்லாத்திலும் வௌவால் இருந்தது. அண்டைக்கு அவை தொடங்கின முதல் பாட்டு 'வோர் பிக்ஸ்'.