பூட்டியின் பெயர்

அரசருக்குக் கல்வெட்டு உண்டு. புலவருக்கு ஏடு உண்டு. உழுதுண்டு வாழ்ந்த சாதாரணக் குடும்பத்தின் வரலாற்றை எங்கே தேடுவது என மாணவர் சிலர் நம்மை வினவுவதுண்டு. யாழ்ப்பாணத்துக் காணியுடைய குடும்பங்களைப் பொறுத்தவரை, விடை பெரும்பாலும் வீட்டுப் பெட்டகத்திலேயே கிடக்கின்றது. மடிப்புக்கள் கிழிந்த பழைய சீதன உறுதியே அது.

தந்தையின் பெயர் நம் பெயருக்கு முன்னே எழுத்தாய் நிற்கின்றது. பூட்டியின் பெயரையோ நம்மிற் பலர் அறியோம். உறுதியில் மட்டும் அவள் பெயர் மறைவதில்லை. அதற்குக் காரணம் தேசவழமை.

ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்சு என்பார் 1707இல் இவ்வழமைகளைத் தொகுத்தளித்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்த்து ஒப்புக்கொண்டனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். ஆதியிலே தந்தையின் முதுசொம் ஆண்மக்களையும் தாயின் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்தன என்றும், பறங்கியர் காலத்தில் அம்முறை மாறிற்று என்றும் அத்தொகுப்புக் கூறும். மாறிய பின்னும் பெண்ணுக்கு எழுதிய சீதனம் அவள் பெயரிலேயே நின்றது. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. தாயும் மகளும் பேரெழுதப் பெற்றது இவ்வாறே.

உறுதியை எடுத்தால் முதலிற் பரப்பைப் பாராது எல்லைகளைப் பாருங்கள். முதுசொக் காணி பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படுவதால், அயற்காணிக்காரர் பலர் உடன்பிறந்தாராக இருத்தல் கூடும். கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பின், எக்குடும்பங்கள் ஒரு கிணற்றில் நீரிறைத்தன என்பது புலனாகும். அடுத்துக் கையொப்பத்தை நோக்குங்கள். தாய் கைந்நாட்டிட்டு, மகள் தன் பெயரை எழுதியிருப்பின், இடையில் ஒரு பள்ளிக்கூடம் புகுந்திருக்கின்றது. காணி தமக்கு எவ்வுறுதியால் வந்தது என்பதை முன்னோர் குறித்திருப்பர். அவ்விலக்கத்தைக் கொண்டு காணிப் பதிவுக் கந்தோரில் தேடினால் முந்திய தலைமுறையும் வெளிப்படலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. நிலமும் நகையும் போல மனிதரும் சீதனமாகக் கொடுக்கப்பட்டனர். 1844இலேயே இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆகவே அதற்கு முந்திய ஏடுகளில் ஒருவரின் மூதாட்டி சீதனம் பெற்றவளாகவும், மற்றொருவரின் மூதாட்டி சீதனப் பொருளாகவும் காணப்படலாம். இருவரும் நம் ஊரவரே. முன்னோரின் பெருமையை மட்டும் தேடுபவன் ஏட்டிற் பாதியை மூடிவைத்துப் படிப்பவனாவான்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது கிடைத்தற்கரிய ஏடுகள் அழிந்தன. 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பெட்டகத்தைத் திறந்து பார்க்கவும் பலருக்குப் பொழுதிருக்கவில்லை. எஞ்சியுள்ள உறுதிகளை வரும் விடுமுறையிலே பெரியோருடன் இருந்து வாசியுங்கள். பெயர், ஆண்டு, காணியின் பெயர், நான்கெல்லை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். உரத்து வாசித்தல் நன்று. அருகிலிருக்கும் அம்மம்மா, உறுதியில் எழுதாத மீதியையும் சொல்லத் தொடங்குவார்.