குதிரை மீறாத விதி

சதுரங்கத்தில் எதிரியின் குதிரை திடீரெனப் பாய்ந்து, உங்கள் ராஜாவுக்குச் ‘செக்’ வைத்து, ராணியையும் சேர்த்துத் தாக்கியதுண்டா? ராஜாவைக் காத்தாக வேண்டும், ராணி பறிபோகும். ‘ஃபோர்க்’ எனப்படும் இந்த இரட்டைத் தாக்குதலிலிருந்து தப்பப் பல ஆட்டங்களை மனப்பாடம் செய்யவேண்டும் என்று சிலர் கூறுவர். ஒரு விதியைப் புரிந்துகொள்வது அதைவிட மேல் என்பது என் கருத்து.

குதிரை நேராக இரண்டு கட்டம், பக்கவாட்டில் ஒரு கட்டம், ஆக மூன்று கட்டம் நகர்கிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் நிறம் மாறும். மூன்று ஒற்றைப்படை எண். ஆகவே கறுப்புக் கட்டத்தில் நிற்கும் குதிரை வெள்ளைக் கட்டத்தில்தான் இறங்கும். அங்கிருந்து அது தாக்கும் கட்டங்கள் யாவும் கறுப்பு. இதனால் தெரிவது என்ன? எதிரியின் குதிரை, உங்கள் ராஜா, ராணி ஆகிய மூன்றும் ஒரே நிறக் கட்டங்களில் நின்றால்தான் அடுத்த பாய்ச்சலில் இந்த ஆபத்து வரமுடியும்.

1966-ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியின் பத்தாவது ஆட்டத்தைப் பாருங்கள். பெட்ரோசியனின் குதிரையும் ஸ்பாஸ்கியின் ராணியும் கறுப்புக் கட்டங்களில் நின்றன. ஸ்பாஸ்கியின் ராஜாவோ வெள்ளைக் கட்டத்தில். பெட்ரோசியன் தம் ராணியையே பலியாக வைத்துச் ‘செக்’ கொடுத்தார். அதை வெட்டுவதைத் தவிர ராஜாவுக்கு வேறு வழியில்லை. வெட்டினால் அது வந்து நிற்பது கறுப்புக் கட்டம்! அடுத்து, குதிரை ஒரு யானையை வெட்டிக்கொண்டே ராஜாவையும் ராணியையும் ஒருசேரத் தாக்கும். ஸ்பாஸ்கி அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மேகமில்லாமல் மழையில்லை, அதற்காக மேகமெல்லாம் மழை பெய்துவிடுவதில்லை. ஒரே நிறத்தில் நின்றாலே ஆபத்து உறுதி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் ராஜா குதிரையிலிருந்து மூலைவாக்கில் இரண்டு கட்டம் தள்ளி நின்றால் நிறம் ஒன்றுதான். எனினும், அந்தக் கட்டத்தை அடையக் குதிரைக்கு நான்கு பாய்ச்சல்கள் வேண்டும்! எனவே நிறம் ஒன்றானால் பயப்படாமல் எண்ணிப் பாருங்கள். நிறம் வேறானால் எண்ணவே வேண்டாம்.

எது நடக்கவே முடியாது என்று சொல்லும் விதியை அற்பமாக நினைக்காதீர்கள். ஆற்றல் அழிவின்மை விதியை அறிந்தவர், எரிபொருளின்றி ஓயாது ஓடும் எந்திரத்தைத் தேடி ஆயுளை வீணாக்கமாட்டார். நான் சொன்னேன் என்பதற்காகவும் நம்பவேண்டாம். ஒரு பலகையில் குதிரையை வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள்.