12% வட்டி... ஆனா உண்மையில 21 சதவீதத்துக்கும் மேல! ‘ஃப்ளாட் ரேட்’ கணக்கு என்ன?

நீலகிரி மாவட்டம் கேத்தி பள்ளத்தாக்கில் பிழைப்பு கேரட், உருளைக்கிழங்கு, தேயிலையில். பேச்சு தமிழிலும் படுகு மொழியிலும். ஆனால் பைக் கடன் கேட்டுப் போனால் காதில் விழுவதோ ‘இஎம்ஐ’, ‘ப்ராசஸிங் ஃபீ’, ‘ஃப்ளாட் ரேட்’.

இதில் கவனிக்க வேண்டியது ‘ஃப்ளாட்’.

ரூ.1 லட்சம், 12% வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாட் முறையில், கட்டக் கட்ட அசல் குறைஞ்சாலும் முழு லட்சத்துக்கும் வட்டி: ரூ.12,000. ‘ரெட்யூசிங்’ முறையில் மீதமுள்ள அசலுக்கு மட்டுமே வட்டி: சுமார் ரூ.6,620. ஃப்ளாட் 12% என்பது ரெட்யூசிங் கணக்கில் 21 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இதைத் தெரிந்துகொள்ள வழி?

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் மற்றும் சிறு தொழில்களுக்கான புதிய தவணைக் கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ தருவதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ளது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். வட்டியோடு மற்ற கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் செலவு, ‘ஏபிஆர்’ என்ற பெயரில் அதில் இருக்கும். அதில் சொல்லாத கட்டணத்தை, வாடிக்கையாளர் சம்மதமின்றி வசூலிக்க முடியாது.

ஆக, ‘வட்டி எவ்வளவு?’னு கேட்டா மட்டும் போதாது, ‘ஏபிஆர் எவ்வளவு?’னு கேட்டு, தமிழில் வாங்கிப் படிச்ச பிறகே கையெழுத்துப் போடணும்.