இது கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வு அல்ல

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களிடையே ஒரு சூத்திரம் வேதவாக்காகவே உலவுகிறது. அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பின் குறிப்பேட்டில் அது மறுபடியும் கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது: வாதத்தில் உள்ள இடைவெளியைக் கண்டுபிடி, அதை அடைக்கும் கூற்றைத் தேர்ந்தெடு, அதுதான் வாதத்துக்குத் தேவையான எடுகோள். காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்லித் தருகிறார்கள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேள்வி என்ன கேட்கிறது என்பதையே தலைகீழாகப் படிக்கவைக்கும் போதனை இது.

ஒரு வாதத்தை எடுத்துக்கொள்வோம். 'இந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் எல்லோரும் கலிபோர்னியாவின் வழக்கறிஞர் தகுதித் தேர்வில் தேறியவர்கள். ஆகவே அவர்கள் எல்லோரும் கலிபோர்னியா நீதிமன்றங்களில் வாதாடலாம்.' இந்த வாதத்துக்குத் தேவையான எடுகோள் எது என்பது கேள்வி. சூத்திரம் படித்த மாணவர் 'தகுதித் தேர்வில் தேறிய எவரும் அந்த நீதிமன்றங்களில் வாதாடலாம்' என்ற விடையைக் கண்டதும் பாய்ந்து பிடிப்பார். அம்புக்குறி போட்டுப் பார்த்தாலும் பொருந்தும். பங்குதாரர் என்றால் தேறியவர். தேறியவர் என்றால் வாதாடலாம். இடைவெளி அடைபட்டது, விடையும் தவறிப்போனது.

ஸ்டீபன் கிளாஸை நினைத்துப் பார்த்தால் போதும். 'தி நியூ ரிபப்ளிக்' இதழில் கட்டுக்கதைகளைச் செய்தியாக எழுதி 1998-இல் அம்பலப்பட்டவர் அவர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவின் தகுதித் தேர்விலும் தேறினார். ஆனால் 2014 ஜனவரியில் அம்மாநில உச்ச நீதிமன்றம், வழக்கறிஞருக்கு வேண்டிய நன்னடத்தையை அவர் நிரூபிக்கவில்லை என்று ஒருமனதாக உரிமம் மறுத்துவிட்டது. தேறியவர், ஆனால் வாதாட முடியாதவர். ஆக, 'தேறிய எவரும் வாதாடலாம்' என்ற கூற்று பொய். அது பொய்யானதால் பங்குதாரர்களைப் பற்றிய முடிவுக்கு ஏதாவது சேதமா? துளிகூட இல்லை. கிளாஸ் அங்கே பங்குதாரர் அல்ல. ஒரு கூற்று பொய்யான பிறகும் வாதம் நிற்கிறது என்றால், அந்தக் கூற்று அதற்குத் தேவையே இல்லை.

அந்தக் கூற்று உண்மையாக இருந்தால் முடிவை நிலைநாட்டப் போதும். போதுமானது வேறு, தேவையானது வேறு. எல்சாட் இந்த இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகவே கேட்கிறது. எதைச் சேர்த்துக்கொண்டால் முடிவு உறுதியாகும் என்பது ஒன்று. வாதம் எதைச் சார்ந்து நிற்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சூத்திரம் சொல்லித் தருபவர் கேள்வியை முழுதாக வாசிக்காதவர்.

இந்த வேறுபாட்டைப் பிடிக்க, விடையை மறுத்துப் பார்க்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. நல்ல முறைதான், அதையும் பாழாக்கிவிட்டார்கள். 'தேறிய எவரும் வாதாடலாம்' என்பதை மறுக்கச் சொன்னால் 'தேறிய ஒருவரும் வாதாட முடியாது' என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் முடிவு விழத்தான் செய்யும். உடனே அந்த விடைக்கு டிக் அடித்துவிடுகிறார்கள். சரியான மறுப்பு, தேறியும் வாதாட முடியாதவர் ஒருவராவது இருக்கிறார் என்பதுதான். அந்த ஒருவர் கிளாஸ். அவர் ஒருவரால் அந்த நிறுவனத்தின் எந்தப் பங்குதாரருடைய உரிமமும் பறிபோய்விடாது.

அதே கேள்வியின் விடைப் பட்டியலில் 'பங்குதாரர் எவருடைய உரிமமும் தற்போது இடைநிறுத்தத்தில் இல்லை' என்றொரு விடை இருந்தால், வாதத்தில் இடைநிறுத்தம் என்ற பேச்சே இல்லை, இது சம்பந்தமில்லாதது என்று அடித்துத் தள்ளச் சொல்கிறது சூத்திரம். கலிபோர்னியாவில் ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினாலே உரிமம் இடைநிறுத்தப்படலாம். பங்குதாரர்களில் ஒருவருக்கு அப்படி நேர்ந்திருந்தால் 'எல்லோரும் வாதாடலாம்' என்ற முடிவு அங்கேயே முடிந்தது. எந்த இடைவெளியையும் முழுதாக அடைக்காத இந்தக் கூற்றுதான் வாதத்துக்கு உண்மையில் தேவை.

அம்புக்குறி போட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கையும் இதன் உடன்பிறப்புதான். 1966-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனையை வடிவமைத்தார். ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும் என்பது விதி. அதைச் சோதிக்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? மேற்பக்கத்தில் 7 இருந்த அட்டையைத் திருப்ப வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. அதன் மறுபக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் விதி பொய்; அந்த அட்டையையே விட்டுவிட்டார்கள். 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற உளவியலாளர்கள் புளோரிடா மாணவர்களிடம் இதையே பீர் குடிப்பவரின் வயது பற்றிய விதியாக மாற்றிக் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் செய்தார்கள். மாணவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஒரு விதிவிலக்கைக் கண்முன் நிறுத்துவது எழுத்தும் அம்புமாகச் சுருக்குவதைவிடப் பலன் தரும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கிளாஸ் ஒருவரைக் காட்டினால் புரிந்துவிடுவதைப் பக்கம் பக்கமாகப் படம் போட்டுக் குழப்புகிறார்கள்.

பார்வையற்றோர் தொடுத்த வழக்கில் 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, 2024 ஆகஸ்டில் எல்சாட்டிலிருந்து தர்க்க விளையாட்டுப் பகுதி நீக்கப்பட்டது. படம் வரைய வேண்டிய பகுதி போய்விட்டது; படத்தின் மேல் வைத்த பக்தி மட்டும் போகவில்லை. இப்போது மதிப்பெண் கணக்கில் வரும் மூன்று பகுதிகளில் இரண்டு, இப்படிப்பட்ட கேள்விகள் வரும் வாத ஆய்வுக்கே உரியவை. 120-இலிருந்து 180 வரை போகும் அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பல கல்லூரிகள் இடத்தையும் உதவித்தொகையையும் முடிவு செய்கின்றன. தப்பான சூத்திரத்துக்குப் பணம் கட்டிய மாணவரே உதவித்தொகையையும் இழக்கிறார். மதிப்பெண் குறைந்தால், பயிற்சி போதவில்லை என்று இன்னொரு வகுப்பை அவர் தலையில் கட்டுகிறார்கள்.

சேதம் தேர்வோடு நிற்பதும் இல்லை. தன் கட்சிக்காரருக்குத் தேவையானதைவிடப் பெரிய கூற்றின் மேல் வழக்கைக் கட்டும் வழக்கறிஞர், எதிர்த்தரப்பின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறார். பங்குதாரர்களின் உரிமத்தை மட்டும் காட்டியிருந்தால் போதும். 'தேறிய எவரும் வாதாடலாம்' என்று நீதிபதி முன் முழங்கினால், எதிரில் இருப்பவர் எழுந்து கிளாஸ் தீர்ப்பை எடுத்து நீட்டுவார்.