கல் படிக்கும் கிறுக்கர்கள்

ஆங்கிலேயர்களின் பேச்சு வழக்கில் 'அனோராக்' என்றொரு ஏளனச் சொல் உண்டு. கிரீன்லாந்திலிருந்து வந்த இச்சொல் முதலில் தலைமூடி வைத்த குளிர்ச்சட்டையைத்தான் குறித்தது. மழையிலும் பனியிலும் ரயில் நிலையங்களில் நின்று இன்ஜின் எண்களைக் குறித்துக்கொண்டவர்கள் அதை அணிந்ததால், 1980களில் சட்டையின் பெயர் ஆளுக்கு ஆகிவந்தது. அரிய பறவையைத் தேடி ஓடுகிறவர் 'ட்விட்ச்சர்'. உலகம் அறியாதவர், பழகத் தெரியாதவர் என்பதே இச்சொற்களின் உட்பொருள்.

நம்மிடம் அத்தனை நுட்பமான சொற்கள் இல்லை. 'கிறுக்கு', 'வேலையற்றவன்' என்ற இரண்டிலேயே எல்லாரையும் அடக்கிவிடுகிறோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின்முன் குந்தி எழுத்துக் கூட்டுகிறவருக்கும் இவைதாம் கிடைக்கின்றன.

அந்தச் சுவரில் இருப்பது என்ன? முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். முப்பது குடும்புகள், குடவோலை, போட்டியிடுவோருக்கு வயது வரம்பு, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் தடை என்று விதிகள் விரிகின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமரே இவ்வூரைக் குறிப்பிட்டார். அந்தப் பெருமைக்கு முன்னால் யாரோ ஒருவர் கல்லின்முன் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

இது தொல்லியல் துறையின் வேலையல்லவா என்று கேட்கலாம். உண்மைதான்; இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்து எழுதிய வெங்கையா அரசின் கல்வெட்டறிஞரே. ஆனால் துறை எல்லா ஊர்களிலும் எந்நாளும் காவல் நிற்க இயலாது. திருப்பணி என்ற பெயரில் மணலை வீசிச் சுவரைத் தேய்த்தபோதும், சுண்ணாம்பு பூசியபோதும் தமிழகத்தில் எத்தனையோ எழுத்துகள் அழிந்தன. அத்தகைய நேரத்தில் 'இங்கே எழுத்து இருக்கிறது' என்று தடுக்கக்கூடியவர் அந்த உள்ளூர்க் கிறுக்கர் ஒருவரே.

ஆங்கிலேயர் ஏளனம் செய்தாலும் பயன்கொள்ளத் தவறவில்லை. 1932இல் அங்கே தோன்றிய பறவையியல் அறக்கட்டளை, ஊதியமற்ற ஆர்வலர்கள் எடுத்த கணக்குகளின்மேல்தான் நிற்கிறது. நாமோ ஏளனத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இத்தனைக்கும் நம் மரபு வேறு. சுந்தரர் வசையாகச் சொன்ன 'பித்தன்' என்ற பெயரையே இறைவன் பாடலின் முதற்சொல்லாகக் கேட்டுப் பெற்றான் என்கிறது பெரியபுராணம். பித்தைப் பெருமையாகக் கொண்ட மொழி நம்முடையது.

சிறுவன் ஒருவன் கோயில் சுவரில் எழுத்துத் தேடினால் 'போய்ப் படி' என்று விரட்டுகிறோம். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். விரட்டாமல் இருந்தாலே போதும், கல் பிழைத்துக்கொள்ளும்.